சிவந்த மருந்து

லெங் சூயிங் இறந்த மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அடக்கத்தின்போது வாசிப்பதற்காக சூயிங்கின் வாழ்க்கைக் குறிப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஊரில் வயதில் மூத்தவன் நான்தான் என்று யாரோ கைகாட்டிவிட்டார்கள்.

"தாத்தா, ஒரு தடவை கேட்டுட்டு, ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க" என்று சொல்லி வாசித்தாள். பிறந்த வருஷம், கல்யாணமாகி எங்கள் மாகோ ஊருக்கு வந்த வருஷம், கையில் எடுத்த மருந்துப் பெட்டி, வாங்கிய மூன்று பாராட்டுத் தாள்கள். கடைசி வரி இது: 'முப்பத்தொரு வருட மருத்துவப் பணியில் ஒரு தவறும் செய்யாதவர்.'

"அந்த வரியை அடி" என்றேன்.

"எந்த வரிய?"

"தப்பே செய்யலங்கிற வரிய."

அவள் பேனாவை எடுக்கவில்லை. "செத்தவங்களக் குறை சொல்லலாமா தாத்தா?" என்றாள்.

எனக்கு எண்பது வயது. கோபம் மட்டும் இன்னும் இருபத்தைந்திலேயே நிற்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்திருக்கிறாயா என்று கத்திவிட்டேன். அந்தத் தவறில்தான் என் மகள் போனாள். அந்தத் தவறில்தான் சூயிங் யார் என்று எனக்குத் தெரிந்தது, நான் யார் என்பதும் தெரிந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று தாள்கள். உட்கார் என்றேன். உட்கார்ந்தாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் நெல் பூக்கும் மாதம் வந்தால் எங்கள் ஊரில் பெற்றவர்களுக்குத் தூக்கம் கிடையாது. காலையில் எழுந்ததும் முதல் வேலை பிள்ளையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பது. கண் இமை வீங்கியிருக்கிறதா, உதடு கறுத்திருக்கிறதா, கை சில்லிட்டிருக்கிறதா. பால் மறந்த பிள்ளைகளைத்தான் அது பிடிக்கும். இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று சிணுங்கும், மூன்றாம் நாள் நெஞ்சு குதிரை ஓடுகிற மாதிரி அடித்துக்கொள்ளும், பிறகு அடிக்காது. வடக்கே எங்கேயோ இருக்கிற கேஷான் என்ற ஊரின் பெயரை டாக்டர்கள் அதற்கு வைத்திருந்தார்கள். நாங்கள் கோடைவீக்கம் என்றோம். என் மூத்த மகனுக்கு கோவா என்று பெயர், நாய்க்குட்டி என்று அர்த்தம். கேவலமான பெயராக இருந்தால் எமன் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று வைத்தோம். எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் அவன் போனான். எமன் பெயரையெல்லாம் படிப்பதில்லை.

சூயிங் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தவள். இரண்டு வருஷம் நடுநிலைப் பள்ளி படித்திருந்ததால், மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, ஊர் வயலையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து உழுத எங்கள் உற்பத்திக் குழுவுக்கு வெறுங்கால் டாக்டராக்கினார்கள். பாதி நாள் வயல், பாதி நாள் வைத்தியம். வயல் வேலை அவளுக்கு வராது. அவள் நட்ட நாற்று வரிசையைப் பார்த்து, "இது நட்டதா, வாத்து நடந்துபோனதா?" என்று குழுத் தலைவர் கௌ கேட்பார். அவளே முதலில் சிரிப்பாள். ஊசி போடும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

எழுபத்து நான்கு செப்டம்பரில் ஷென் டாக்டர் வந்தார். ஒல்லி மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். களத்துமேட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, உள்ளங்கையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைக் காட்டினார்.

"உங்க மண்ணுல ஒரு சத்து இல்ல. மண்ணுல இல்லாததால சோளத்துல இல்ல, அரிசியில இல்ல. அதனால பிள்ளைங்க நெஞ்சுல இல்ல. அது இந்த மாத்திரைக்குள்ள இருக்கு. சோடியம் செலினைட்னு பேரு. ஒருவகை உப்பு."

"உப்புன்னா ஊறுகாயில போட்டுக்கறோம் டாக்டர், எதுக்கு மாத்திரை?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்த உப்ப ஒரு கரண்டி ஊறுகாயில போட்டா, அன்னைக்கே உங்க குடும்பத்துக்கே சவப்பெட்டி செய்யணும்" என்றார்.

சூயிங் எழுந்துகொண்டாள். "அப்ப விஷத்தையா பிள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்றீங்க?"

"ஆமா. ஒரு அரிசிய அம்பது துண்டாக்கினா, அதுல ஒரு துண்டு அளவுக்கு. வாரத்துக்கு ஒரு தடவை. அந்த அளவுல இது விஷமில்ல. கண்ணாடி ஆலையில, பாட்டிலுக்குப் பச்சை நிறம் தட்டாம இருக்க இதே பொடியத்தான் போடறாங்க. அவங்க மூட்டைய எடுத்துப் போடுவாங்க. நாம துண்டை எடுக்கறோம்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும். அளவோடு இருந்தால் நஞ்சும் அமிர்தம் என்று அன்றுதான் கேட்டோம். நம்பிக்கை ஒன்றும் வரவில்லை. ஆனால் கோடையில் பிள்ளையைப் புதைத்தவர்கள் களத்தில் பாதிப்பேர். எதையும் வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒவ்வொன்றின் பின்மண்டையிலும் ஒரு கொத்து முடி வெட்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு டாக்டர் போனார். அந்தச் சத்து உடம்பில் சேர்ந்தால் முடியில் தெரியுமாம். சூயிங்குக்கு இரண்டு கட்டளைகள் கொடுத்தார். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். மாத்திரை கொடுக்கும் முன் பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்கவேண்டும், ஏனென்றால் அந்த உப்பு உடம்பில் மிஞ்சினால் மூச்சில் பூண்டு நாற்றம் வரும்.

எங்கள் ஊரில் யார் மூச்சில் பூண்டு நாற்றம் இல்லை? மிளகாயும் பூண்டும் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. மாத்திரை நாள் ஞாயிற்றுக்கிழமை. சூயிங் யோசித்துவிட்டு, சனிக்கிழமை எந்த வீட்டிலும் பூண்டு கூடாது என்று சட்டம் போட்டாள். என் மாமியார், "டாக்டரம்மா இனி எந்தக் கிழமை மூச்சு விடலாம்னும் சொல்லிடுவா" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் சனிக்கிழமை குழம்பில் பூண்டு வைத்தாளா என்றால் வைக்கவில்லை.

பெரிய பிள்ளைகள் விழுங்கிவிட்டார்கள். மூன்று வயதுக்குக் கீழே பதினொன்று இருந்தது, தொல்லையெல்லாம் அதுகளிடம்தான். என் மகள் சுன்யாவுக்கு அப்போது இரண்டரை வயது. மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துவைத்து, சூயிங் வாசல் தாண்டியதும் கோழிகளுக்கு நடுவில் துப்புவாள். மூன்று வாரம் எங்கள் சிவப்புக் கோழிதான் செலினைட் சாப்பிட்டது. சூயிங் கண்டுபிடித்தபோது தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நசுக்கி எதிலயாவது கலந்து குடேன்" என்றேன். "தண்ணியில கலந்தா துப்புது. முள்ளுப்பழச் சாறுல கலந்து பாரு. சுன்யா அதுன்னா கிண்ணத்தையே தின்னுடும்."

முள்ளுப்பழம் எங்கள் வேலியெல்லாம் காய்க்கும். மஞ்சளாக, மேலெல்லாம் முள்ளாக, வாயில் போட்டால் காது வரைக்கும் புளிக்கும். வெல்லம் போட்டுக் கிளறி வைத்தால் பிள்ளைகள் விடாது. அந்த வருஷம் என் வீட்டில் இரண்டு ஜாடி நிறைய இருந்தது. ஒன்றை அவள் கையில் நான்தான் கொடுத்தேன். யோசனையும் என்னுடையது, பழமும் என்னுடையது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்லவேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை.

ஞாயிறு விடிந்ததும் பதினொரு மாத்திரைகளை நசுக்கி, ஒரு பாட்டில் சாற்றில் கலந்து எடுத்துக்கொண்டு சூயிங் கிளம்புவாள். முதல் வீட்டுக்கு வருவதற்குள் அந்த மஞ்சள் சாறு இளஞ்சிவப்பாகும், பிறகு செங்கல் நிறமாகிவிடும். ஊரே கூடி அதிசயம் பார்த்தது. சிவப்பு எங்களுக்குக் கல்யாண நிறம், புதுவருஷ நிறம். கெட்டது சிவப்பாக வரும் என்று எந்தப் பைத்தியம் நினைக்கும்? "மருந்து பழுத்திடுச்சு" என்றார்கள். மஞ்சளாக இருக்கும்போதே யாராவது கேட்டால், "கொஞ்சம் இரு, சிவக்கட்டும்" என்பாள் சூயிங். கிண்ணத்தின் அடியில் சிவப்பு வண்டல் தங்கும். என் மனைவி ஷூலான் அதைத் தண்ணீர் விட்டு அலசிக் கோழிக்குக் கொட்டுவாள். சூயிங்கின் சொந்த மகனும் அந்தப் பதினொன்றில் ஒருவன். அவனும் அதையேதான் குடித்தான்.

மறுவருஷம் ஜூனில் ஷென் டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பெரிய பிள்ளைகளின் முடியில் சத்து ஏறியிருக்கிறது, சின்னதுகளின் முடியில் ஏறவே இல்லை, மாத்திரை நிஜமாகவே உள்ளே போகிறதா என்று கேட்டிருந்தார். சூயிங் அதை என் வீட்டு வாசலில் நின்று படித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"நான் ஏமாத்தறேன்னு நினைக்கறாரா அண்ணே? ஒரு சொட்டு விடாம ஊட்டறேனே. நீங்க பாக்கறீங்கல்ல?"

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்? மயிரைப் பாத்துக் குறி சொல்ற மனுஷன்" என்றேன் நான்.

ஜூலை இரண்டாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சுன்யாவின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். இமை வீங்கியிருந்தது.

கூடையில் உட்காரவைத்து முதுகில் மாட்டிக்கொண்டு சுற்றுவட்ட ஊர்களுக்கெல்லாம் பொதுவான கம்யூன் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பதினொரு கிலோமீட்டர். சூயிங் பெட்டியோடு கூடவே ஓடிவந்தாள். கோடைக்காலம் என்று ஷென் டாக்டர் அங்கேயே தங்கியிருந்தார். அந்த நோய்க்கு அப்போது இருந்த சிகிச்சை, வைட்டமின் சி மருந்தை நரம்பில் நிறைய ஏற்றுவது. ஏற்றினார்கள். சனிக்கிழமை கொஞ்சம் கண் திறந்தாள், கோழிக்குத் தீனி போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன்.

ஞாயிறு வந்தது. மாத்திரை நாள். சூயிங் மறக்கவில்லை. ஒரு மாத்திரையைக் கண்ணாடிக் குவளையில் நசுக்கித் தண்ணீர் விட்டாள். ஜன்னலோரம், வைட்டமின் சி குப்பி ஒன்று உடைத்தபடி இருந்தது, அடியில் கொஞ்சம் மிச்சம். வீணாகப் போவானேன், இதுவும் நெஞ்சுக்கு நல்லதுதானே என்று அதையும் குவளையில் ஊற்றினாள். நான் சுன்யாவை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் போன்ற மருந்து, தண்ணீர் போன்ற மாத்திரைக் கரைசல். இரண்டும் சேர்ந்து எங்கள் கண் முன்னால் மெல்ல மெல்லச் சிவந்தது.

சூயிங் குவளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனாள். பத்தடி தூரம்தான், பேச்சு எனக்குக் கேட்டது.

"டாக்டர், இதுல பழமே இல்லையே. இது ஏன் சிவக்குது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன பழம்?" என்றார்.

சொன்னாள். அவர் குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பிறகு மேஜையில் வைத்தார்.

"செலினைட் புளிப்புச் சத்தைக் கண்டா அதுகூட மாட்டிக்கும். கரைஞ்சிருந்தது கரையாத தூளா மாறிடும். இந்தச் சிவப்பு அந்தத் தூள்தான். இதை உடம்பு எடுத்துக்காது. வாய் வழியாப் போயி அப்படியே வெளிய வந்துடும். இந்தக் குப்பியில இருக்கற அதே சத்து உங்க முள்ளுப்பழத்துல நிறைய இருக்கு." குவளையைத் தள்ளிவைத்தார். "எத்தனை பிள்ளைங்களுக்கு?"

"பதினொண்ணு. ஒன்பது மாசமா."

"யார் சொல்லிக் கலந்த?"

என் மடியில் சுன்யாவின் தலை சூடாக இருந்தது. நான் அவள் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தினேன்.

"நான்தான் கலந்தேன் டாக்டர்" என்றாள் சூயிங்.

"இவளுக்கு வந்தது அதனாலதானா?" என்றும் கேட்டாள்.

"அதனாலதான்னு சொல்ல முடியாது. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்ட பிள்ளைங்களும் சிலது போயிருக்கு" என்றார் டாக்டர். "அதனால இல்லன்னும் சொல்ல முடியாது."

திங்கட்கிழமை மத்தியானம் சுன்யா போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு மேளம் கிடையாது, சமாதி கிடையாது. அப்பன் தூக்கிக்கொண்டுபோய் மலைச்சரிவில் புதைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வந்த கூடையிலேயே அவளை வைத்து முதுகில் மாட்டிக்கொண்டேன். சூயிங் பத்தடி பின்னால் வந்தாள். ஊர் எல்லையில், வாய்க்கால் மேட்டில், "அண்ணே" என்று கூப்பிட்டாள். நான் திரும்பி, அவள் கீழே வைத்த மருந்துப் பெட்டியை எட்டி உதைத்தேன். அது வயலுக்குள் போய் விழுந்தது. அவள் இறங்கிச் சேற்றில் ஒவ்வொரு மாத்திரையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் மலைக்குப் போனேன்.

அந்தச் செய்தி நான்கு பேரோடு முடிந்திருக்கும். ஷென் டாக்டர் அறிக்கை எழுதுவார், ஊருக்குத் தெரியப்போவதில்லை. கௌ அவளைக் கூப்பிட்டு, "நீயே எதுக்கு உன் கழுத்துல கயிறு மாட்டிக்கற? அடுத்த வாரத்துலேருந்து தண்ணியில குடு. கேட்டா பழம் தீந்துபோச்சுன்னு சொல்லு" என்று புத்தி சொன்னாராம். காலம் அப்படி. மக்களின் பிள்ளைகளுக்கு மருந்தைக் கெடுத்தாள் என்று ஒருவர் எழுதிப்போட்டால் அவள் எங்கே போய் முடிவாள் என்று யாருக்கும் தெரியாது.

சூயிங் மறுநாள் சாயங்காலம் களத்துமேட்டில் எல்லோர் முன்னாலும் நின்றாள். இரண்டு குவளைகளில் மாத்திரையைக் கரைத்தாள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் முள்ளுப்பழச் சாறு. சிவக்கும்வரை காத்திருந்தாள்.

"இந்தச் சிவப்புதான் மருந்து கெட்டதுக்கு அடையாளம். நான் அதை நல்லதுன்னு நெனச்சேன். சின்னப் பிள்ளைங்க பதினொண்ணுக்கும் ஒன்பது மாசமா மருந்து போகல. சுன்யா போயிட்டா. மிச்சம் பத்துக்கும் இந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து வெறும் தண்ணியில குடுக்கணும். தயவுசெஞ்சு குடுக்க விடுங்க."

 ஒரு கிழவர் கேட்டார், "பழத்துல கலக்கற புத்தி உனக்கு எங்கேருந்து வந்துச்சு? பழம் யாருது?"

நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஷூலான் என்னைப் பார்த்ததை என் கன்னம் உணர்ந்தது. என் வாய்க்குள் ஒரு வார்த்தை வந்து நின்றது. அதை விழுங்கினேன், மாத்திரையை விழுங்குகிற மாதிரி.

"வேலியெல்லாம் பழம்தான். யார் பழமா இருந்தா என்ன? கலந்தது என் கை" என்றாள் சூயிங்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஞாயிறு ஒரு கதவும் திறக்கவில்லை. விழுங்கிக்கொண்டிருந்த பெரிய பிள்ளைகளைக்கூட வீட்டுக்குள் இழுத்துக்கொண்டார்கள். மாத்திரை ரத்தமாக மாறுகிறது, அந்த ரத்தம் பிள்ளையிடமிருந்து எடுத்தது என்று பேச்சு பரவியது. பரப்பியவர்களில் நானும் ஒருவன். இல்லை, நானே முதல் ஆள். குற்றம் உள்ளவன் குரல்தான் சந்தையில் பெரிதாகக் கேட்கும்.

பெட்டியை அவளிடமிருந்து பிடுங்கவேண்டும் என்று மேலிடத்துக்கு மனு போனது. ஷென் டாக்டர் வந்து தடுத்தார். "வேற யாரும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி தன் தப்பைத் தானே சொன்ன ஆளு எங்கிட்ட இவ ஒருத்திதான். இவள மாத்தினா, அடுத்து வர்றவ மறைப்பா" என்றார். பெட்டி அவளிடமே இருந்தது. அதைத் திறக்கத்தான் வீடு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வருவது நிற்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு குவளைத் தண்ணீர் குடிக்கிற நேரம் நிற்பாள். என் வாசலில், "தெங்ச்சாங் அண்ணே, இன்னைக்கு ஞாயிறு" என்பாள். வேறு எதுவும் சொல்லமாட்டாள். உள்ளே நான் புகைக்குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு பக்கத்து வாசலில் அவள் குரல் கேட்கும். இலையுதிர் காலம் போனது, பனி போனது, கடுகு பூத்தது. பதினோரு மாதம். மிச்சமிருந்த முப்பத்தேழு பிள்ளைகளில் மாத்திரை சாப்பிட்டது அவள் மகன் ஒருவன்தான். அவன் கன்னம் நன்றாக இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

என் கடைக்குட்டி ஷிதௌ, கல் என்று அர்த்தம், சுன்யா போன வருஷம் தை மாதம் பிறந்தவன். எழுபத்தாறு ஜூனில் அவன் பால் மறந்தான். அதே மாதம் கௌவின் பேரனுக்கு முகம் வீங்கியது. அந்தப் பதினொன்றில் ஒருவன். நான்கு நாளில் போய்விட்டான். கௌ கூடையோடு மலைக்கு ஏறுவதை எங்கள் வேலியோரம் நின்று பார்த்தேன்.

அன்று இரண்டு பேரும் சோறு தொடவில்லை. ஷூலான் ஷிதௌவை இடுப்பில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அவ தப்பு செஞ்சா, சொன்னா. நீங்க?" என்றாள்.

"நான் என்ன செஞ்சேன்?"

"அந்த ஜாடி என் ஜாடி. பழத்தை அலசிக் கிளறி வெச்சவளும் நான்தான். ஒரு வருஷமா எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. நீங்க கதவைத் திறக்காதவரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தனும் திறக்கமாட்டான். பொண்ணைப் பறிகுடுத்தவனே நம்பலன்னா, எவன் நம்புவான்? இவனுக்கும் முகம் வீங்கட்டும்னு காத்திருக்கீங்களா?"

அடிக்கக் கை ஓங்கினேன். ஷிதௌ என் விரலைப் பிடித்துக்கொண்டான். கை கீழே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, கோதுமை அடித்துக்கொண்டிருந்த நேரம். ஊர் முழுக்கக் களத்தில் இருந்தது. சூயிங் என் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே நான் ஷிதௌவைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு நடந்தேன். அவளையும் அங்கேயே வரச்சொல்லி ஆள் அனுப்பினேன். அடிப்பதை நிறுத்தச் சொன்னேன். 

"போன வருஷம் இந்த இடத்துல, பழம் யாருதுன்னு ஒருத்தர் கேட்டீங்க" என்றேன். "என்னுது. ஜாடி என் வீட்டு ஜாடி. கலந்து குடுன்னு சொன்னது நான். இவளுக்கு அந்த யோசனையே இல்ல. என் பொண்ணு வாயில அதை ஊத்தச் சொன்னவன் நான்தான். இவ எம்பேரைச் சொல்லல, நானும் சொல்லல. அப்புறம் ரத்தம் ரத்தம்னு ஊரெல்லாம் கத்தினதும் நான்தான்."

 கௌ கோதுமைக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் பேரனைப் புதைத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவர் என்னை வெட்டியிருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன்.

சூயிங் பெட்டியை இறக்கிவைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மத்த பேச்சு அப்புறம். மொதல்ல இவன் வாயைத் திறக்கச் சொல்லுங்க" என்றாள்.

வாயை முகர்ந்து பார்த்தாள். சனிக்கிழமை என் வீட்டில் பூண்டு வைக்கவில்லை, ஷூலான் பார்த்துக்கொண்டாள். குவளையில் வெறும் தண்ணீர், வெள்ளை மாத்திரை. கரைந்தது, நிறம் மாறவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குவளையை உயர்த்திக் காட்டிவிட்டு ஊட்டினாள். அவன் பாதியைத் துப்பினான். இன்னொரு பாதி மாத்திரை கரைத்தாள். நான் மூக்கைப் பிடித்தேன். இறங்கியது. நாக்குக்கடியில் விரல்விட்டுத் துழாவினாள், அவன் கடித்தான். அவள் விரலை உடனே எடுக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, கடித்ததால் வந்ததாக இருக்காது.

முதலில் எழுந்து வந்தது கௌ. அவருக்கு இன்னொரு பேத்தி இருந்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து வரிசையில் நிறுத்தினார். என்னோடு அவர் சாகும்வரை பேசவில்லை, ஆனால் அன்று வரிசையில் நின்றார். மத்தியானத்துக்குள் முப்பது பிள்ளைகள் ஆயிற்று. அந்தக் கோடையில் அதற்குப் பிறகு நாங்கள் யாரும் கூடையோடு மலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த கோடையிலும் போகவில்லை. அந்த வருஷத்திலிருந்து பக்கத்து ஊர்களிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். பிறகு உப்பிலேயே கலந்து வந்தது, சூயிங் வீடுவீடாகப் போகவேண்டிய அவசியம் போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாள்.

அந்த 'மத்த பேச்சு' வர எட்டு வருஷம் ஆனது. அவள் மாமனார் சாவுக்கு இரண்டு பேரும் மாவு அரைத்துக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன் எம்பேரைச் சொல்லல? டாக்டர் கேட்டாரு, ஊர் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் நான் அங்கேயேதான் உக்காந்திருந்தேன்."

அவள் கல்லைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உங்க முதுகுல கூடை இருந்துச்சு அண்ணே. அதுக்கு மேல நான் என்னத்த ஏத்தறது?" என்றாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாவட்டப் பெண் பேனாவை எடுத்தாள். பிறகு அந்தக் கடைசி வரியை அவளே அடித்தாள்.

"அந்த இடத்துல என்ன எழுதட்டும் தாத்தா?"

"ஒன்பது மாசம் மருந்தைக் கெடுத்தா, தானே சொன்னான்னு எழுது. பழம் குடுத்தவன் யென் தெங்ச்சாங்னு எழுது."

"உங்க பேரு எதுக்கு? இது அவங்க குறிப்பு."

"ஐம்பது வருஷமா அவ சுமந்தா. ஒரு நாளாவது நான் சுமக்கறேன்" என்றேன்.

எழுதினாள். அடக்கத்தன்று அதை அப்படியே வாசித்தாள். கீழே நின்ற இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, என்ன பழம் என்று கேட்டுக்கொண்டார்கள். சவப்பெட்டியின் முன்கம்பைத் தோளில் வைத்திருந்தவன் ஷிதௌ. ஐம்பது வயது தாண்டிவிட்டது, தலை நரைத்துவிட்டது. மலை ஏறும்போது பாதி வழியில் தோள் மாற்ற ஆள் வந்தார்கள், அவன் கொடுக்கவில்லை.